காய்ச்சலுக்குப் போட்ட முக்காடு

1

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்தது. உள்ளே எட்டுப் பக்கப் படிவம். மார்புப் புற்றுநோய்க்காக எனக்குக் கடைசி மருந்து ஏற்றி ஒரு வருடம் ஆகிறதாம். அதைக் கொண்டாடுவதுபோல மேலே ஒரு பூப்படம், கீழே கேள்விகள். வாய்ப்புண் எவ்வளவு, களைப்பு எவ்வளவு, விரல் விறைப்பு எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் "உங்கள் பயணத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று எழுதி நான்கு கோடு விட்டிருந்தார்கள்.

பயணமாம். இலங்கையில் சாய்ந்தமருதிலிருந்து இங்கிலாந்தின் இந்த மழை ஊருக்கு இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்தேனே, அது பயணம். ஆறு தடவை மருந்தேற்றி, தலைமயிரும் புருவமும் கொட்டி, நகம் கறுத்து, வாய்க்குள் தோல் உரிந்து கிடந்ததற்கு அந்தப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு கோட்டுக்குள் என் கோபமும் அடங்காது. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். கோபத்தில் பாதி உங்கள் மீதுதான். மீதியில் பெரும் பங்கு என் மீது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், ஒளித்தது போதும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் ரபீக்கா, வயது ஐம்பத்திரண்டு. இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் இறந்து ஏழு வருடம். ஒரே மகள் சைமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஊரில் எனக்கு ஒரேயொரு தங்கை, பரீனா.

2

ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் முந்தின நாள் ஒரு நேர்ஸ் தொலைபேசியில் கூப்பிடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். எப்படி இருக்கிறீர்கள்?

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கிறேன்" என்பேன், முதல் வார்த்தையை அரபியிலும் மீதியை ஆங்கிலத்திலும்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பதைத் தவிர வேறு பதில் ஏது? காய்ச்சலில் கிடப்பவரைக் கேட்டாலும் அதுதான் பதில். சுனாமியில் கடல் வந்துபோனபிறகு நான் ஊருக்குப் போயிருந்தபோது, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் குந்தியிருந்தவரிடம் யாரோ சுகம் கேட்டதற்கும் அவர் அதைத்தான் சொன்னார், என் காதால் கேட்டேன். வருத்தத்தை முதலில் எடுத்து வைத்தால் படைத்தவனைக் குறை சொன்னதுபோல ஆகிவிடும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். முதலில் புகழ், பிறகு கேட்பவர் இன்னும் இரண்டு தடவை துருவினால், மெல்ல மெல்ல நோவு வெளியே வரும். ஊரில் கேட்பவருக்கும் இது தெரியும். துருவாமல் விடமாட்டார்.

இங்கே இரண்டாம் தடவை கேட்க யாருக்கும் நேரமில்லை. நான் நல்லாயிருக்கிறேன் என்றதும் அந்த நேர்ஸ், நோயாளி மருந்தை நன்றாகத் தாங்குகிறார் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விடுவார். அப்போது என் வாய்க்குள் ஏழு புண். தண்ணீர் விழுங்கினால் கண்ணீர் வரும். நாக்கில் எந்நேரமும் இரும்பு நக்கியதுபோல ஒரு ருசி. மலச்சிக்கலில் ஐந்து நாள் கதறியிருக்கிறேன். கோப்பில் மட்டும் நான் நல்ல சுகம்.

மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தருகிறோம் என்றார்கள். பெண்தான் வேண்டும் என்று படிவத்தில் அடையாளமிட்டேன். வந்தது ஒரு ஆணின் குரல். எந்த நாட்டில் இருந்து கதைத்தாரோ, செந்தமிழில், "அம்மையார் அவர்களே, மலம் கழிப்பதில் சிரமம் உள்ளதா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒரு மனிதனிடம் என் மார்பையும் மலத்தையும் பற்றிக் கதைக்கச் சொன்னால் நான் என்ன சொல்வேன்? எல்லாம் நல்லாயிருக்கிறது என்றேன். பெண் குரல் வேண்டும் என்று முறைப்பாடு எழுதினேன். பதில் கடிதம் என் சிகிச்சையெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. என் கருத்தை மிகவும் மதிக்கிறார்களாம்.

அதே படிவத்தில் இனம் என்று ஒரு பகுதி. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளியர் என்று வரிசை. தமிழ் பேசுகிற இலங்கை முஸ்லிமுக்குப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு முறையும் "ஏனையோர்" என்பதில் கோடு போட்டேன். நோய் மட்டும் என்னை ஏனையோரில் சேர்க்காமல் நேராக வந்து பிடித்தது.

3

மூன்றாம் சுற்று முடிந்து ஒன்பதாம் நாள் உடம்பு கொதித்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆஸ்பத்திரி தந்த மஞ்சள் அட்டை ஒட்டியிருந்தது. உடல் வெப்பம் முப்பத்தேழரைக்கு மேல் போனால் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும். அளப்பதற்கு முன் காய்ச்சல் குளிசை போடக் கூடாது. பெரிய எழுத்தில், சிவப்பில் எழுதியிருந்தது.

நான் என்ன செய்தேன்? கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். இரண்டு காய்ச்சல் குளிசை போட்டேன். ஒரு மணித்தியாலம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து அளந்தேன். முப்பத்தேழு புள்ளி இரண்டு. ஒன்றுமில்லை என்று மகிழ்ச்சியோடு போர்த்திக்கொண்டேன். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லியும் குளிசையும், பிறகுதான் யோசனை. எங்கள் ஊர்க் கை தானாகவே அப்படிப் போகும்.

சைமா வந்து பார்த்தபோது என் பல் கிட்டிப்போய் இருந்தது. அவள் என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் அட்டையில் இருந்த இலக்கத்தை அழுத்தினாள். அன்றிலிருந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில், கையில் மருந்து ஏற்றியபடி கிடந்தேன். இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். புற்றுநோய் மருந்து நோயை மட்டும் கொல்வதில்லை, அவற்றையும் கொன்றுவிடும். அந்த நேரத்தில் ஒரு சின்னக் கிருமி போதும், சில மணித்தியாலத்தில் ஆளை முடித்துவிடும். உள்ளே கிருமி இருக்கிறது என்று சொல்வதற்கு உடம்பிடம் மிஞ்சியிருந்தது அந்தக் காய்ச்சல் மட்டும்தான். அதன் வாயைத்தான் நான் இரண்டு குளிசையால் பொத்தியிருந்தேன்.

கட்டிலருகே வந்த நேர்ஸிடம் சைமா சொன்னது எனக்கு மறக்காது. "எங்கள் உம்மாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். வீடு பற்றி எரிந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்வார். எத்தனை தடவை வாந்தி, எத்தனை புண், காய்ச்சல் எத்தனை என்று கேளுங்கள். எண்ணில் அவர் பொய் சொல்லமாட்டார்."

எனக்கு முகம் எரிந்தது. தமிழில் நான்கு வசனம் சேர்ந்தாற்போல் கதைக்கத் தெரியாத பிள்ளை, தொழுகையை ஞாபகப்படுத்தினால் அறைக் கதவைச் சாத்துகிற பிள்ளை, என் வாயில் வருகிற புகழைப் பொய் என்கிறாள். அவள் போனபிறகு அழுதேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து நேர்ஸ் எண்ணிக்கை கேட்டார், நானும் எண்ணிக்கை சொன்னேன். வாய்ப்புண்ணுக்கு அப்பச்சோடாவும் உப்பும் கரைத்து ஒரு நாளைக்கு நான்கு தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாந்திக் குளிசையை மாற்றினார்கள். வெள்ளை அணு கூடுவதற்கு வயிற்றில் போடுகிற ஊசி தந்தார்கள். இரும்பு ருசிக்கு உலோகக் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டியால் சாப்பிடுங்கள் என்று ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார்கள். நான் கையால் சாப்பிடுகிறவள் என்றேன். நேர்ஸ் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் நீங்கள் எங்களுக்கு முன்னால் போகிறீர்கள். கையை மட்டும் நன்றாகக் கழுவுங்கள்" என்றார்.

இவை எல்லாம் முதல் நாளிலிருந்தே எனக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. மூன்று சுற்று நான் அனுபவித்த வேதனையில் பாதி, கேட்காமல் விட்டவர்களாலும் சொல்லாமல் விட்ட என்னாலும் வந்தது.

4

இத்தனை பட்டும் திருந்தினேனா? ஊர் விஷயத்துக்கு வந்தால் அதே முக்காடுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபத்துமூன்று பேர். அவர்கள் எல்லோருக்கும் எனக்குக் கேஸ்ட்ரிக், வெறும் வயிற்றெரிச்சல் என்று சொல்லியிருந்தேன். விஷயம் தெரிந்தது பரீனாவுக்கு மட்டும். அவள்தான் கேட்டாள்.

"ராத்தா, ஒருத்தருக்கும் சொல்லிராதங்க. ரிஸ்னாக்கு மாப்பிள்ள பேசுற நேரம். இந்தக் குடும்பத்துப் பொம்புளயளுக்கு இந்த வருத்தம் இரிக்கி எண்டு கதை வந்தா, ஒருத்தனும் வாசல் மிதிக்க மாட்டான்."

ரிஸ்னா அவளுடைய மூத்த மகள், இருபத்துமூன்று வயது. நியாயமாகத்தான் பட்டது. நானும் அந்த ஊரில் பிறந்தவள்தானே. அதோடு ஒளிப்பது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. எங்களுக்குத்தான் முக்காடு இருக்கிறதே, மொட்டைத் தலை யாருக்குத் தெரியும்? புருவத்துக்குப் பென்சில். கறுத்த நகத்துக்கு மருதாணி. வீடியோ அழைப்பில் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகத்தின் வெளிறல் விழாது. இந்தத் தந்திரங்களை எல்லாம் பரீனாவுக்கு ஒவ்வொன்றாகக் குரல்பதிவில் சொல்லிச் சிரிப்பேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை பார்த்தாயா என்பேன். பெரிய கெட்டிக்காரி நான்.

அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் அவளுடைய மார்பிலும் ஒரு கட்டி இருந்ததாம். எனக்கே அவ்வளவு கஷ்டம், அதற்குள் இதையும் சொல்வானேன் என்று ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறாள். அதை எனக்குச் சொன்னபோது அவளுக்கு மருந்து தொடங்க நாள் குறித்தாகிவிட்டது.

"நீங்க சொல்லித்தந்த மாதிரியே செய்வன். பயப்படாதங்க" என்றாள்.

5

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் கொடுப்பார்கள். முன்பக்கம் மகளுக்கும் மருமகனுக்கும், தாயும் தகப்பனும் பின்பக்கம் ஒதுங்குவார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பரீனாவின் வீட்டிலும் ரிஸ்னாவுக்காக மேல்தட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்கச் சீமெந்துத் தூசி. வெள்ளை அணு இல்லாத உடம்போடு அவள் அந்தத் தூசிக்குள் நின்று மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றாவிட்டால் ஏன் என்று கேட்பார்களாம்.

மருந்தேற்றத் தூரத்து ஆஸ்பத்திரி. கிட்ட உள்ளதில் தெரிந்த முகங்கள் இருக்கும். விடியுமுன் அவளும் அவளுடைய கணவர் அன்வரும் புறப்படுவார்கள். அக்கம்பக்கத்துக்கு முழங்கால் நோவு, நாட்டு வைத்தியரிடம் போகிறோம் என்று பெயர். திரும்பி வரும் வழியில் வாந்தி வந்தால் பொலித்தீன் பையில் எடுத்து, வீட்டு மூலை திரும்புவதற்குள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்வாள். நோன்பு மாதம் வந்தது. நோயாளிக்கு விதிவிலக்கு இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அவளோ பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு பிடித்தாள். ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களாம்.

இதைக் கேட்டு நான் திட்டினேன். திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? பாடம் எடுத்தவளே நான்தான். இருந்தாலும் மூன்று விஷயத்தை மட்டும் சத்தியம் வாங்கினேன். காலையும் மாலையும் காய்ச்சல் அளக்க வேண்டும். அளக்காமல் குளிசை போடக் கூடாது. காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி கிட்டவோ அங்கே ஓட வேண்டும். எருமைத் தயிர் வயிற்றைக் குளிரவைக்கும் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்ததையும், பழஞ்சோற்றையும் தொடக் கூடாது என்றேன். ஓம், ஓம் என்றாள்.

6

அவளுடைய மூன்றாம் சுற்று முடிந்த ஒன்பதாம் நாள் ஒரு வியாழக்கிழமை. எனக்குக் காலை ஏழரை, அங்கே பகல் பன்னிரண்டு. வேலைக்குப் புறப்படுமுன் வீடியோவில் கூப்பிட்டேன்.

"எப்பிடி புள்ள இரிக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன் ராத்தா."

கட்டிலில் சாய்ந்திருந்தாள். யன்னலுக்கு முதுகு காட்டித்தான். நான் சொல்லிக் கொடுத்தபடி. பிறகுதான் அவளுக்கு மேலே பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. சாய்ந்தமருதில், வெயில் காலத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, எந்த வீட்டில் மின்விசிறியை நிறுத்துவார்கள்? அவளோ கழுத்துவரைக்கும் போர்வை இழுத்திருந்தாள்.

"கறன்ட் இல்லையா?"

"இரிக்கி. காத்து ஒத்துக்குதில்ல."

"காய்ச்சல் பாத்தியா?"

"பாத்தன். தொண்ணூத்தொம்பது தான்."

அவளுடைய வெப்பமானி பரனைட். என்னுடையது சென்ரிகிரேட். தொண்ணூற்றொன்பது பயப்படுகிற எண் இல்லை. ஆனால் எனக்குக் குளிசை போட்டபின் அளந்த என்னுடைய முப்பத்தேழு புள்ளி இரண்டு ஞாபகம் வந்தது.

"குளிசை போட்டியா?"

போர்வையை வாய்வரைக்கும் இழுத்தாள்.

"பரீனா, குளிசை போட்டியா?"

"விடிய சுபஹுக்குப் புறகு ரெண்டு. இப்ப கொஞ்சம் முந்தி ரெண்டு. கொத்தமல்லியும் குடிச்சன். விட்டிரும் ராத்தா. நாளைக்குப் பின்னேரம் அசருக்குப் புறகு மாப்பிள்ள ஊட்டார் ரிஸ்னாவப் பாக்க வாறாங்க. ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா எல்லாம் முடிஞ்சிரும்."

அன்வருக்குக் கூப்பிட்டேன். கல்முனை பஜாரில் நாளைய விருந்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அவளைத் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனவர்.

"வெள்ளி கழியட்டும் ராத்தா. சனிக்கிழம விடிய நானே கூட்டிப் போறன். ஒரு நாள்தானே."

"ஒரு நாள்ல மௌத்தாப் போயிருவாள் அன்வர்."

"அப்பிடிச் சொல்லாதங்க. துஆச் செய்ங்க."

எனக்கு அப்போது வந்த கோபம் ஆயுளில் வந்ததில்லை. என் தங்கை சாகக் கிடக்கிறாள். நாளைக்கு வரப்போகிறவர்களின் கண்ணுக்கு அவள் எழுந்து நின்று வட்டிலப்பம் பரிமாற வேண்டும். யார் அவர்கள்? பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் எந்தப் பெண் எந்த நோயை மறைத்துக்கொண்டு நிற்கிறாளோ, அதுவும் தெரியாது. ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் சமையலறையில் நின்று என்னால் அவளைத் தூக்கி ஒரு வாகனத்தில் ஏற்ற முடியாது. கையில் இருந்தது தொலைபேசி ஒன்றுதான்.

குடும்பக் குழுவைத் திறந்து குரல்பதிவை அழுத்தினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ரபீக்கா கதைக்கன். எங்கட பரீனாக்கு மார்புப் புற்றுநோய். மருந்து ஏத்தி ஒம்பது நாள். இப்ப காய்ச்சல். இது ஆள முடிக்கிற காய்ச்சல். அன்வர் பஜார்ல நிக்கார், ஊட்ட வாகனம் இல்ல. கிட்ட இரிக்கிற ஆரெண்டாலும் இப்பவே போய் அவளக் கிட்டடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மருந்து ஏத்தின ஆள் எண்டு வாசல்லயே சொல்லுங்க. எனக்கும் போன வருஷம் இதே வருத்தம்தான். கேஸ்ட்ரிக் இல்ல. நான் பொய் சொன்னன்."

விரலை எடுத்தேன். போய்விட்டது. அடுத்த நிமிடமே கேட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

7

முதலில் போய்ச் சேர்ந்தவர் சித்திபீவி மாமி. கலியாணம் பேசுகிறவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஊரில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடும். அவர் குழுவில் இருப்பதையே நாங்கள் மறந்துபோனோம். கிடைத்த முச்சக்கர வண்டியில் ஏறி வந்து, அறைக்குள் நுழைந்து, போர்வையை இழுத்தாராம்.

"கலியாணம் பிறகு பேசலாம். ஒழும்பு புள்ள" என்றாராம். வண்டியில் போகும்போது ரிஸ்னாவிடம் சொன்னாராம்: "எனக்கு என்னத்துக்கு ஒளிக்கிங்க? இந்த ரோட்டில மட்டும் நாலு ஊட்டில இந்த வருத்தம் இரிக்கி. எல்லாருக்கும் முழங்கால் நோவுதான்."

ஒரே தெருவில் நான்கு பெண்கள். ஒருத்திக்கு வாய்ப்புண்ணுக்கு எதனால் கொப்பளிப்பது என்று தெரிந்திருக்கும். இன்னொருத்திக்கு எந்தக் குளிசை எப்போது என்று தெரிந்திருக்கும். ஒருத்தியின் கஞ்சியை மற்றவள் காய்ச்சிக் கொடுத்திருக்கலாம். ஒன்றாக ஒரு வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். நால்வரும் நான்கு சுவருக்குள் தனித்தனியாக வாந்தி எடுத்துவிட்டு, வாசலில் கண்டால் சுகம் விசாரித்து, நல்லாயிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதற்கு யார் மீது கோபப்படுவது? மாப்பிள்ளை வீட்டார் மீதா, பெண் வீட்டார் மீதா, எட்டிப் பார்த்துக் கதை கட்டுகிறவர்கள் மீதா? எல்லோர் மீதும் எனக்குக் கோபம்தான். யாரையும் விட மனமில்லை.

பரீனா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சனிக்கிழமை வரை வைத்திருந்தால் கொண்டுவந்திருக்கவே தேவையில்லை என்று டொக்டர் அன்வரிடம் சொன்னாராம். வெள்ளிக்கிழமை வரவிருந்தவர்கள் வரவில்லை. பிறகு பார்ப்போம் என்று ஆள் அனுப்பினார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

நான் செய்தது சரி என்று எல்லோரும் மெச்சினார்கள் என்று நினைக்காதீர்கள். ரிஸ்னா ஒரு குரல்பதிவு அனுப்பினாள். சத்தம் போடாமல், நிதானமாக.

"உம்மா உசிரோட இரிக்கா, அதுக்கு உங்களுக்கு நன்றி பெரியம்மா. ஆனா நீங்க அங்க இரிந்து சொல்லிப்போட்டிங்க. இஞ்ச ரோட்டால நடக்கிற நாங்க."

இங்கே நான் புற்றுநோய்க்காரி என்று பேருந்தில் கத்திச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அங்கே அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் எத்தனை கண். அவளுடைய தாயின் உயிரை அவளுடைய பெயரைக் கொடுத்து வாங்கினேன். மறுபடியும் அந்த வியாழக்கிழமை வந்தால் மறுபடியும் அழுத்துவேன். என்றாலும் அந்தப் பிள்ளை சொன்னது நியாயம். அந்த விலையை அவளிடம் கேட்ட ஊரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

8

பரீனா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். குரல்பதிவு போட்டால் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள்.

அவள் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காலை, ஒரு செய்தி வந்தது. 98.2. வேறு ஒன்றுமில்லை. ஸலாம்கூட இல்லை. மாலையில் 98.8. மறுநாள் காலை 98.4. சைமா ஒரு தாளில் பரனைட்டையும் சென்ரிகிரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, என் பழைய மஞ்சள் அட்டைக்குக் கீழே ஒட்டித் தந்தாள். சின்னம்மாவின் எண் வந்ததா என்று பல்கலைக்கழகத்திலிருந்து தினமும் கேட்கிறாள். தமிழில்தான் கேட்கிறாள், அவளுக்குத் தெரிந்த தமிழில்.

பத்து வாரமாக இப்படித்தான் நடக்கிறது. நானும் என் எண்ணை அனுப்புவேன். எனக்கு மருந்து முடிந்துவிட்டது, அளக்கத் தேவையில்லை. ஆனாலும் அளந்து அனுப்புகிறேன். அவள் எனக்கு ஒரு எண் தரும்போது நான் அவளுக்கு வார்த்தை கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று பட்டது.

அவளுடைய கடைசிச் சுற்று போன மாதம் முடிந்தது. இப்போது சித்திபீவி மாமி வாரம் ஒரு நாள் வந்து போகிறாராம். முழங்கால் நோவுக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். மற்ற இரண்டு பேர் இன்னும் முழங்கால் நோவிலேயே இருக்கிறார்கள்.

நேற்று மாலை இந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். களைப்பு ஆறு. விரல் விறைப்பு ஏழு. சட்டைப் பொத்தான் போட இன்னும் கஷ்டம். வாய்ப்புண் பூச்சியம். பயம் என்று ஒரு கேள்வி இருந்தது, எட்டை வட்டமிட்டேன். கோபத்துக்குக் கேள்வி இல்லை. நான்கு கோட்டில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒளிர்ந்தது. பரீனா.

"98.4. வாய்ப்புண் ரெண்டு. கால் விறைப்பு அஞ்சு. சோறு ஒரு கோப்ப திண்டன். உங்களோட கோவம் இன்னும் இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ்."

கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை அதை நான் நம்பினேன்.